குண்டு போட்டவர்கள் அணையைப் பார்க்கவில்லை

அயல்நாட்டுக் கொடுங்கோலனை வானத்திலிருந்து குண்டு போட்டு இறக்கலாமா? டீக்கடைப் பெஞ்சில் அடிக்கடி ஓடும் விவாதம் இது. லிபியாவை நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

கடாஃபி 42 ஆண்டு ஆண்டார். அவரை நல்லவர் என்று நான் வாதாட வரவில்லை. 2011 மார்ச்சில் அவர் படை பென்காசி நகரை நெருங்கியது. மார்ச் 17 அன்று, பொதுமக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 10; இந்தியா உள்பட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. களநிலவரம் பற்றி நம்பகமான தகவல் போதாது என்றது நம் அரசு. சிலர் அதைக் கோழைத்தனம் என்றார்கள். எனக்கு நிதானமாகவே படுகிறது.

விமானத் தாக்குதலால் பென்காசி தப்பியது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் காப்பதற்கென்று தொடங்கியது ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. அக்டோபர் 20-இல் கடாஃபி கொல்லப்பட்டார். 31-ஆம் தேதி நேட்டோ தன் வேலையை முடித்துக்கொண்டது.

பிறகு ஆயுதக் குழுக்கள், போட்டி அரசாங்கங்கள். டெர்னா ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகளைக் கவனிக்க நாதியில்லை. 2023 செப்டம்பர் புயல்மழையில் ஒரே இரவில் இரண்டும் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கண்மாய்க் கரையைப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டபொம்மனையும் கடாஃபியையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் 1801-இல் கும்பெனியார் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழ 1974 ஆயிற்று. இடிப்பது சுலபம். இடித்த பிறகு யார் இருந்து கட்டுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கைதட்டுவோம்.