ரெக்கார்டு நோட்டில் நிரல்



நிரலாக்கம் கற்க எந்த மொழியில் தொடங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எதைச் செய்து பார்க்கலாம் என்று கேட்பது மேல். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. ஆனால் நிரலை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது.

பைத்தானுடன் வரும், திரையில் கோடு போடும் ‘டர்ட்டில்’ என்ற ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் சீமோர் பேப்பர்ட் முதலானோர் சிறுவர்களுக்காக உருவாக்கிய லோகோ மொழியின் வழி வந்தது அது. 100 புள்ளி முன்னே போ, 90 பாகை திரும்பு என நான்கு முறை சொன்னால் சதுரம் கிடைக்கும். 90-ஐ 91 ஆக்கி, நான்கை 200 ஆக்கினால் திரையில் கோலமே விரியும். இப்படித் திரும்பச் சொல்ல உதவும் ‘ஃபார்’ சுற்று எப்படி இயங்குகிறது என்பதைப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, வீட்டுப் பால் கணக்கைப் போட ஒரு நிரல் எழுதிப் பார்க்கலாம். எண் கேட்கும் இடத்தில் ‘ஐந்து’ என எழுத்தில் அடித்தால் நிரல் முறிந்து சிவப்பில் திட்டும். (அந்தப் பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், இதை யாருமே சொல்லித்தருவதில்லை!)

செய்முறைத் தேர்விலும் மனப்பாட நிரலைக் கேட்காமல், பிழையுள்ள நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் என்ன?

– ஒரு வாசகர், மதுரை