சாமான் அறையில் ஒரு மேசை

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. புதிதாக ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கை தட்டிப் பார்ப்போம். சத்தம் சுவரில் பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டாலே, அந்த அறையில் ஒலிப்பதிவு செய்யலாமா கூடாதா என்று தெரிந்துவிடும்.

போன ஆண்டுக் கடைசியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் அப்படிக் கை தட்டினேன். எதிரொலி துளியும் இல்லை. ஸ்டூடியோ தோற்றது! காரணம் ரொம்பச் சுலபம். சத்தம் போய் முட்டுவதற்குச் சுவரே தெரியவில்லை. அத்தனை சாமான்.

எங்கள் வீடு பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கிறது. 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். சாலைப் பலகை மாறியது. எங்கள் வாய் மாறவில்லை. தோட்டத்தில் வேலை முடிந்ததும் அப்பா தன் சேமிப்பைப் போட்டு வாங்கிய மூன்று அறை மலிவு விலை வீடு இது. லயத்தைக் காலி செய்த அன்று ஒரு லோரி நிறைய வந்த சாமான்கள் நேராகப் பின்னறைக்குள் போயின. "அப்புறம் பிரிச்சி அடுக்கிக்கலாம்" என்றார் அப்பா. அந்த 'அப்புறம்' வருவதற்குள் பதினாறு வருடம் ஓடிவிட்டது. அப்பாவும் போய்விட்டார்.

உள்ளே என்னதான் இருந்தது? காண்டா வாளி இரண்டு. பால் மங்கு ஒரு சாக்கு. கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் அண்டா. உடைந்த காற்றாடி மூன்று, "மோட்டார் நல்லாருக்கு" என்ற நம்பிக்கையோடு. என் பல்கலைக்கழகப் புத்தகங்கள். பிள்ளைகளின் நடைவண்டி. பழைய தமிழ் நாளிதழ்கள், இதழ்கள், தீபாவளி மலர்கள் கட்டுக் கட்டாக. இவற்றுக்கு நடுவில், ஜன்னலை ஒட்டி, அம்மாவின் தையல் இயந்திரம்.

எனக்கு எதற்கு ஓர் அறை?

நான் தினமும் எழுதுகிறவள்தான். நிகழ்ச்சிக்கு முன்னுரை, இடையுரை, விளம்பர வாசகம். எல்லாம் காற்றில் போய்விடும் எழுத்து. எனக்கென்று கதை எழுத வேண்டும் என்ற ஆசை, ஊடகவியல் படித்த காலத்திலிருந்தே உண்டு. முன்னோடியும் இருந்தார். ரெ. கார்த்திகேசு வானொலியில் இருந்தவர், பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறைப் பேராசிரியரானவர், கூடவே நாவலும் சிறுகதையும் எழுதியவர். 'மைக்குக்கு முன்னால் இருப்பவர்களும் எழுதலாம்' என்பதற்கு அவர் பெயரைத்தான் சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டதோடு சரி.

சாப்பாட்டு மேசையில்தான் உட்காருவேன். பெரியவனின் வீட்டுப்பாடம் ஒரு பக்கம், சின்னவளின் வண்ணப் பென்சில் ஒரு பக்கம். மூன்று முறை சிறுகதைப் போட்டிக்குத் தொடங்கி, மூன்று முறையும் கடைசி நாளைக் கோட்டைவிட்டேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது துணி அலமாரிக்குள் தலையை நுழைத்து நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு செய்தவள் நான். சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் குரல் அருமையாக வந்தது. ஆனால் அலமாரிக்குள் உட்கார்ந்து கதை எழுத முடியாதே!

பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கென்று சொந்தப் பணமும், பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா உல்ஃப் 1929-இல் எழுதினார். படிக்கும் காலத்தில் அதைப் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் புத்தகமே என் பின்னறைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் எழுதியவர்கள்

அறையைப் பற்றி யோசிக்கும்போது எங்கள் வட்டாரத்துக் கதை ஒன்று ஞாபகம் வரும். இங்கே பக்கத்தில் தெனமாரம் தோட்டம் இருக்கிறது. பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள், நம் வீட்டுச் சொல் கேட்கும். மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பின்னாளில் இந்த மண்ணை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசை வாங்கினார். தோட்டத்துரைக்கு வீடு இருந்தது, வீட்டில் அறைகள் இருந்தன, ஊரை விட்டுப் போன பிறகு உட்கார்ந்து எழுத நேரமும் இருந்தது.

அதே மரங்களுக்கு அடியில் வேலை செய்தவர்களுக்கு லயத்து வீடு. படுக்க ஓர் இடம், சமையற்கட்டு, முன்னால் அஞ்சடி. அங்கே எழுதியவர்களே இல்லையா? இருந்தார்கள். 1950-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன என்று நாளிதழ் வழியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து, கதை எழுதச் சொன்னார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அங்கிருந்து கிளம்பியது. அவர்களில் எத்தனை பேரிடம் மேசை இருந்திருக்கும்?

எங்கள் லயத்திலும் ஒருவர் வானொலிக்குக் கதை எழுதி அனுப்புவாராம். அப்பா சொல்வார்: "அஞ்சடியில சப்பளம் போட்டு உக்காந்து, மடியில பலகைய வெச்சிக்கிட்டு எழுதுவாரு. காலையில பிரட்டுக்குப் போவணும், அதனால ஒம்பது மணிக்கெல்லாம் வெளக்க அணைச்சிடுவாரு." எனக்கு இருப்பது பத்தடிக்கு ஒன்பதடி அறை. அதைச் சாமானுக்குக் கொடுத்துவிட்டு 'இடமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம், மூன்று குவியல்

ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இறங்காதீர்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான் செய்ததைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எதையும் தூக்கி எறியவில்லை. வெளியே எடுத்து மூன்றாகப் பிரித்ததோடு சரி: வைப்பது, கொடுப்பது, போடுவது. முடிவு செய்ய முடியாததை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதினேன். ஆறு மாதம் திறக்காவிட்டால் அது கொடுப்பதில் சேரும். காற்றாடி மூன்றும் பழைய இரும்பு லோரியில் ஏறின. மங்கில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்றில் பேனா, ஒன்றில் கிளிப்.

பழைய தாள்களை எடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து புரட்டிப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. நின்றுபோன இதழின் பழைய பக்கம் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். நம்மவர் எழுதிய கதை அதில் இருக்கலாம். உங்களுக்கு வேண்டாம் என்றால், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களிலோ, ஊரில் உள்ள எழுத்தாளர் அமைப்பிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு கிலோ கணக்குப் பாருங்கள். எங்கள் கட்டில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதியை வெயிலில் காயவைத்துப் பெட்டியில் போட்டேன்.

இரண்டாம் வாரம் சுவர். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காத சுவர் ஏது? அதன்மேலேயே சாயம் அடித்தால் இரண்டே மாதத்தில் மறுபடியும் எட்டிப் பார்க்கும். முதலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் சாயம். புத்தகத்துக்குப் பலகை அலமாரி வாங்காமல் இரும்பு அலமாரி வாங்கினேன், கறையானுக்குப் பயந்து. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டேன், காற்றுப் போக.

மூன்றாம் வாரம் மேசை. பழைய மேசை எண்பது வெள்ளி. விளக்கு முப்பத்தைந்து. சாயமும் தூரிகையும் எழுபது. அலமாரி நூற்றிருபது. மொத்தம் முந்நூற்று ஐந்து வெள்ளி. இணையத்தில் காட்டுகிற 'கனவு அறை' எதையும் நான் வாங்கவில்லை.

மேசையை ஜன்னலோரம் போட வேண்டும். அங்கே தையல் இயந்திரம் இருந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, முன்போலத் தைப்பதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். இயந்திரத்தைத் தூக்கிக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, பிளாஸ்டிக் போட்டு மூடினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "தூசி படாம மூடு" என்றார், அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே ஒரு குரல்

அன்று இரவு அறையில் மறுபடியும் கை தட்டினேன். கணீர் என்று திரும்பி வந்தது. காலி அறையின் சத்தம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நகரவில்லை. ஐந்தாம் நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா ரவிக்கைத் துணியோடு வந்தார். கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டது. "இல்லம்மா, இப்பல்லாம் தைக்கிறதில்ல" என்றார் அம்மா.

வெளியே வந்து கேட்டேன். "ஏம்மா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, எங்க வெச்சித் தைக்கிறது? காரு நிக்கிற எடத்துலயா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ எழுதறதுக்கு ரூம் வேணும்னு சொன்ன. எழுதட்டும்னு விட்டேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. தோட்டத்தில் காலை வேலை முடிந்து வந்து, மதியம் அந்த இயந்திரத்தில்தான் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பார். என் ஊடகவியல் படிப்பின் முதல் பருவக் கட்டணத்தில் பாதி அந்தக் காசு. உல்ஃபைப் படித்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஜன்னலோரம் வைத்திருந்த ஒரே பெண் யார் என்று தெரியவில்லை. சாமான் அறை என்று நாங்கள்தான் சொன்னோம். அம்மாவுக்கு அது வேலை செய்யும் அறை. சாமான்களைத் தாண்டித் தாண்டிப் போய்த் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலையே அவரும் நானும் இயந்திரத்தை உள்ளே தூக்கி வந்தோம். (இந்த 'அவர்' என் கணவர். முதுகு வலிக்கிறது என்று இன்னும் சொல்கிறார்.) ஜன்னல் யாருக்கு என்ற கேள்வி சுலபமாகத் தீர்ந்தது. நான் எழுதுவது விடியற்காலை ஐந்து மணிக்கு. நம் நாட்டில் ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. அந்த நேரத்தில் ஜன்னல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கு மேசை விளக்கு போதும். ஜன்னலை அம்மாவே வைத்துக்கொள்ளட்டும். விளக்கைக்கூட அம்மாதான் இடம் மாற்றி வைத்தார். "வலது கைக்காரிக்கு வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும். இல்லாட்டி உன் கை நெழலே உனக்கு மறைக்கும்." நாற்பது வருடம் ஊசியில் நூல் கோத்தவரின் பாடம். எந்த அலங்காரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அலமாரியின் கீழ்த் தட்டு இரண்டும் துணிமூட்டைக்கு. மேல் தட்டு இரண்டும் புத்தகத்துக்கு. அப்பாவின் காண்டா வாளி ஒன்றில் வெட்டுத் துணி, இன்னொன்றில் நான் கசக்கிப் போடும் தாள். இப்போதைக்கு என்னுடையதுதான் சீக்கிரம் நிறைகிறது.

இதை எழுதி முடிப்பதற்கு முன் ஒரு முறை கை தட்டிப் பார்த்தேன். துணிமூட்டைகள் எதிரொலியை அளவாக வாங்கிக்கொண்டு, கொஞ்சம் மட்டும் திருப்பித் தந்தன. ஒலிப்பதிவுக்குப் பொருத்தமான அறை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு போதும். ஆனால் முதல் சாமானைத் தூக்குவதற்கு முன், வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இங்கே நீங்கள் ஏதாவது செய்கிறீர்களா?"

என் கதை எட்டாம் பக்கத்தில் நிற்கிறது. போட்டியின் கடைசி நாளுக்கு இன்னும் பதினொரு நாள். பக்கத்து வீட்டு அக்காவின் ரவிக்கை நேற்றே தயாராகிவிட்டது.