தனியே கேட்டதைச் சபையில் சொல்லுங்கள்

சீனாவின் சியான் நகரில், 2010-இல் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்த இரவு விருந்து ஹாங்காங் நீதிமன்றம் வரை போனது. பங்குப் பரிமாற்றத் தகராறு ஒன்றை விசாரித்துவந்த நடுவர்களில் ஒருவரும் சியான் நடுவர் ஆணையத்தின் தலைமைச் செயலாளரும், கீன்ஐ என்ற நிறுவனத் தரப்புக்கு நெருக்கமானவரை அங்கே சந்தித்தார்கள். 25 கோடி யுவான் கொடுத்துச் சமரசமாகப் போகலாம் என்ற யோசனை பேசப்பட்டது. கீன்ஐ தரப்பு மறுத்தது. பிறகு வந்த தீர்ப்பும் அதற்குப் பாதகமாகவே அமைந்தது.

அத்தீர்ப்பை நிறைவேற்ற, 2011 ஏப்ரலில் ஹாங்காங் முதல்நிலை நீதிமன்றம் மறுத்தது. நடுவர் ஒருபக்கம் சாய்ந்திருப்பார் என்ற ஐயத்துக்கு இடமிருப்பதாகக் கருதியது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. சமரசப் பேச்சு நடந்த ஊரின் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் விசாரணையின்போதே எழுப்பியிருக்க வேண்டும் என்றது.

நடுவரே சமரசம் பேசுவது சீனாவில் இயல்பு. லண்டன் வழக்கறிஞருக்கு அதிர்ச்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணைக்குப் பழக்குவது அமெரிக்க வழக்கறிஞரின் கடமை. இங்கிலாந்தில் சாட்சிக்குப் பயிற்சி தருவது தடைசெய்யப்பட்டது. இப்படி வெவ்வேறு மரபில் வந்தவர்கள் ஒரே வழக்கில் எதிரெதிரே அமர்கிறார்கள். நடுவர் தரும் தீர்ப்பின் சரி தவறைப் பெரும்பாலும் எந்த நீதிமன்றமும் மறுபடி அலசாது. 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதை நிறைவேற்றக் கோரலாம். இவ்வளவு அதிகாரம் உள்ள இடத்தில் ஊர் வழக்கம் என்ற ஒரே பதில் போதாது.

வழக்கம் எதுவாகவும் இருக்கட்டும். அது இரு தரப்புக்கும் தெரிந்து, இருவரும் இசைந்து நடந்ததா என்பதே அளவுகோலாக வேண்டும். இதற்கு முன்மாதிரியும் ஹாங்காங்கிலேயே உள்ளது. அங்கு 2011-இல் நடைமுறைக்கு வந்த நடுவர் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு நடுவர் சமரசம் பேசலாம். பேச்சு முறிந்தால், ஒரு தரப்பு தனியே சொன்னவற்றில் வழக்குக்கு முக்கியமானதை எல்லாத் தரப்புக்கும் வெளிப்படுத்திய பிறகே விசாரணையைத் தொடர முடியும். சீன மரபும் காப்பாற்றப்படுகிறது, எதிர்த்தரப்பின் உரிமையும் காப்பாற்றப்படுகிறது.

இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு சட்டத்தின் 30-ஆம் பிரிவும் தரப்புகளின் சம்மதத்தோடு நடுவர் சமரசம் பேசுவதை அனுமதிக்கிறது. ஆனால், தனியே கேட்டதை வெளியிடும் கடமையை அப்பிரிவு விதிக்கவில்லை. நாடாளுமன்றம் அந்தக் கடமையைச் சேர்க்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு நடுவரும் தம் முதல் நடைமுறை உத்தரவிலேயே அதை எழுதிவைக்கலாம். சாட்சியை எந்த அளவுக்குத் தயார்செய்யலாம் என்பதையும் அதே உத்தரவில் இருவருக்கும் பொதுவாக வரையறுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.