மறுபடியும் பாலின்றி

பாலும் நெய்யும் துறந்து தாவர உணவே கொள்வதென்று சங்கல்பம் செய்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் வாசனைக்கு மூன்றே மாதத்தில் தோற்றுப்போன நான், மீண்டும் அதே விரதத்தை மேற்கொண்டிருப்பதைக் கேட்டு விருதுநகர் நண்பர்கள் நகைக்கிறார்கள். 1912-இல் பாலைத் துறந்த காந்தியடிகளே, 1918-இல் தொடங்கிய கடும் நோயால் தேகம் நலிந்தபோது, கஸ்தூரிபாவின் யோசனைப்படி ஆட்டுப்பாலுக்கு இணங்கி, அந்த மனவருத்தத்தைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினாரே. தவறிய விரதத்தை மறுபடி தொடங்குவதில் வெட்கமென்ன? சென்ற முறை பாலை விலக்கிய நான் அதன் ஸ்தானத்தில் எதையும் வைக்கவில்லை; எண்ணெய்க்கும் பருப்புக்கும் பேர்போன இவ்வூரில், எள்ளும் நிலக்கடலையும் கைக்கெட்டும் தூரத்திலிருக்க, அது சோம்பலன்றி வேறில்லை. தாவரங்களில் கிட்டாத பி12 சத்துக்கு இப்போது மாத்திரை உண்கிறேன். சிவகாசிச் சாலைத் தேநீர்க் கடையில் மட்டும், "அண்ணாச்சி, இன்னைக்கும் கடுங்காப்பிதானா?" என்ற கேள்விக்கு, ஒரு கணம் தயங்கியே தலையசைக்கிறேன்.