தீர்ப்பு ஓரிடம், தண்டனை வேறிடம்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கைச்சாத்தான உடன்படிக்கை சித்திரவதையையும் அங்கங்களைச் சிதைப்பதையும் ஒழித்தது. அதற்கு அடுத்த வாசகம், ஆளுநரோ துணை ஆளுநரோ எழுத்தில் கட்டளையிடாமல் எவர்மீதும் மரண தண்டனையை நிறைவேற்றலாகாது என்றது. மன்னனின் வாய்மொழியில் இருந்த உயிர் பறிக்கும் அதிகாரம் அன்று ஆளுநரின் கையொப்பத்துக்கு மாறியது. இன்று ஜனாதிபதியின் கையொப்பத்தில் இருக்கிறது. இரு நூற்றாண்டுகளில் ஆட்சி பலமுறை மாறியும், கடைசி முடிவு நீதிமன்றத்தின் கைக்கு வரவேயில்லை. கொலையாளிக்குத் தூக்கு வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் கருணை ஒருபுறமும் ஆத்திரம் மறுபுறமும் நின்று பேசுகின்றன. சட்டத்தொழிலில் இருக்கும் நாம் பேச வேண்டியது இன்னொன்று. நம் நாட்டில் மரண தண்டனை, நிறைவேற்றப்படாத நிலையிலும்கூட, தண்டனை விதிக்கும் பொறுப்பை நீதிபதியிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது. அதை ஒழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு கொலைக்கு ஒரே தண்டனையைத்தான் வைத்திருக்கிறது. 294ஆம் பிரிவின் விதிவிலக்குகளுள் ஒன்று பொருந்தினால், 297ஆம் பிரிவின் கீழ் நீதிபதி ஆளுக்கும் செயலுக்கும் ஏற்றபடி சிறைக்காலத்தை அளந்து கொடுக்கலாம். பொருந்தாவிட்டால் அளக்க எதுவுமில்லை. திட்டமிட்டுக் கூலிக்குக் கொன்றவரும், பல்லாண்டு அடி உதை தாங்கி ஒருநாள் கணவனைக் கொன்ற பெண்ணும், 32ஆம் பிரிவின் பொது எண்ணத்தால் கூட்டாளியாக்கப்பட்ட இளைஞரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். வயது, நோய், வறுமை, குற்றத்தில் வகித்த பங்கு ஆகியவற்றைப் பற்றி நாம் செய்யும் சமர்ப்பணம் தண்டனையை அணுவளவும் மாற்றாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1983இல் மித்து வழக்கிலும், கோமறைக் கழகம் 2002இல் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ரெயஸ் வழக்கிலும் இத்தகைய கட்டாய மரண தண்டனையை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளின. நம் நீதிமன்றங்களால் அது இயலாது. நம் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் காப்பாற்றுகிறது. வழி திறக்க வேண்டியது பாராளுமன்றமே.

1976 ஜூனுக்குப் பிறகு இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1876இல் எழுந்த, தூக்குமேடை கொண்டிருந்த போகம்பரைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். தூக்குமேடைக்கு வேலையில்லை, தீர்ப்புகள் மட்டும் தொடர்கின்றன. நீதிபதி எழுதும் தண்டனை நடக்கப் போவதில்லை என்பது மன்றில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உண்மையான தண்டனை, ஜனாதிபதியின் மன்னிப்பு அதிகாரத்தைக் கூறும் 34ஆம் உறுப்புரையின் கீழ், திறந்த மன்றுக்கு வெளியே முடிவாகிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்துவிட்டோம். 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன் ஒருவரின் தண்டனையை உயர் நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அதே 2019இல் இன்னொரு ஜனாதிபதி போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிடும் கட்டளைகளில் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால்தான் அது நின்றது. ஒருவரை விடுவிப்பதும் நால்வரைத் தேர்ந்து கொல்வதும் ஒரே கையொப்பத்தின் வேலை.

தீர்ப்பில் பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை என்ற வாதம் பழையது. ஆனால் அந்த ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நம் கண்முன் பார்த்தோம். 2015இல் கொட்டதெனியாவைச் சிறுமி கொலையில் முதலில் பாடசாலை மாணவன் ஒருவன் பிடிக்கப்பட்டான். பின்னர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நாடே நம்பியது. மரபணுப் பரிசோதனை அவரை விடுவித்து அவருடைய சகோதரரைக் காட்டியது. பரிசோதிக்க மாதிரி எதுவும் கிடைக்காத வழக்கில் அந்த ஒப்புதல் என்ன செய்திருக்கும்? பொலிஸாரிடம் தரும் ஒப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் தருவதையே சான்றாக்குகிறது. தமிழ்நாட்டில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே, அவருக்குச் சாதகமான பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் பேரறிவாளன் மரண தண்டனைக் கைதியாகப் பல்லாண்டுகளைக் கழித்திருந்தார். கண்டியில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கு நீதிமன்ற மொழி சிங்களம். நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் எதிரியின் சொல் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பதிவேட்டை அடைகிறது. திடீர்ச் சினமூட்டலா, முன்திட்டமா என்பது பல வேளைகளில் ஒரே ஒரு வாக்கியத்தில் தங்கியிருக்கும். அந்த வாக்கியம் மொழிமாறும்போது 294க்கும் 296க்கும் இடையிலுள்ள கோடும் நகர்ந்துவிடலாம்.

தூக்குமரம் இல்லையேல் கொலை பெருகும் என்பார்கள். கனடா 1976இல், நம் கடைசித் தூக்கு நடந்த அதே ஆண்டில், கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தது. அதன் பின் வந்த பத்தாண்டுகளில் அங்கு கொலை விகிதம் ஏறவில்லை, இறங்கியது. தூக்கை ஒழித்ததால் இறங்கியது என்று சொல்ல முடியாது; ஒழித்தால் பெருகும் என்ற அச்சம் மெய்க்கவில்லை என்று சொல்லலாம். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றமும் 2012இல், அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து தடுப்பு விளைவு உண்டென்றோ இல்லையென்றோ முடிவு கட்ட முடியாது என்றது. நம் வரலாறும் பாடம் சொல்கிறது. பண்டாரநாயக்க அரசு 1958இல் மரண தண்டனையை இடைநிறுத்தி, நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழுவும் அமைத்தது. 1959 செப்டெம்பரில் பிரதமரே கொல்லப்பட்டதும், அவ்வாண்டு முடிவதற்குள் தூக்கு திரும்பியது, அதுவும் பின்னோக்கிய வலுவுடன். சட்டத்தின் வாசகம் சதிக் குற்றத்தை எட்டாததால் சதிக்குத் தலைமை தாங்கியவராகத் தீர்க்கப்பட்ட புத்தரக்கித்த தேரர் தூக்கிலிருந்து தப்பினார். சுட்ட சோமாராம 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். ஆத்திரத்தில் எழுதிய சட்டம் நினைத்த ஆளைக்கூடச் சரியாகத் தொடவில்லை.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில் என்ற கேள்வி இவை எல்லாவற்றிலும் கனமானது. புங்குடுதீவு மாணவியின் கொலைக்கு எதிராக 2015இல் வடக்கே கொதித்தெழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அக்குடும்பங்கள் முதலில் கேட்பது விரைவான, நேர்மையான புலனாய்வும், தீர்ப்புக்குப் பின் மாறாத தண்டனையும்தான். நடக்காத தூக்கு அந்த உறுதியைத் தருவதில்லை. மிருசுவில் உறவினருக்கு நேர்ந்த அநீதிக்குத் தூக்கு மருந்தல்ல. மன்னிப்பு அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதே மருந்து. கொலைவழக்கில் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்கும், றோயல் பார்க் கொலைவழக்குக் கைதிக்கும் வழங்கிய மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் 2024இல் இரத்துச் செய்து, அந்த எல்லை சாத்தியமே என்று காட்டியிருக்கிறது.

ஆகவே 296ஆம் பிரிவிலிருந்து மரண தண்டனையை நீக்கி, ஆயுட்சிறையை உச்சமாகவும், இருக்க வேண்டிய ஆகக்குறைந்த காலத்தை நீதிபதி காரணம் எழுதி நிர்ணயிப்பதாகவும் திருத்தம் வேண்டும். அந்தக் காலம் முடியுமுன் மன்னிப்பு வழங்கினால் அதற்கான காரணத்தை வெளியிடும் கடமை 34ஆம் உறுப்புரையில் சேர வேண்டும். இந்த வரைவை எழுதிச் சட்டத்தரணிகள் சங்கத்தின் முன் வைக்கும் பொறுப்பு நம்முடையது. திருத்தம் வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. 34ஆம் உறுப்புரை வேண்டும் நீதிபதியின் அறிக்கைக்கு அடிப்படையாக, எதிரியின் வாழ்க்கை, நோய், குற்றத்தில் அவருடைய பங்கு ஆகியவற்றை விளக்கத்தின்போதே பதிவேட்டில் ஏற்றுவோம். தமிழ்ச் சாட்சியத்தின் ஒவ்வொரு பிழைபெயர்ப்பையும் அன்றன்றே மறுத்துப் பதியச் செய்வோம். ஓர் உயிரைப் பற்றிய முடிவு, இரு தரப்பும் கேட்கப்பட்டு, காரணம் எழுதப்பட்டு, மேன்முறையீட்டுக்குத் திறந்த மன்றிலேயே எடுக்கப்பட வேண்டும்.