அந்த ஊர் என்ன பாவம் செய்தது?

பேரன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். 1988-இல் மோரிசி என்ற ஆங்கிலேயர் பாடியது, 'எவ்ரிடே இஸ் லைக் சன்டே'. எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை போல இருக்கிறதாம்! நமக்கு அது வரம், அவர்களுக்குச் சாபம். 1994-இல் சட்டம் மாறும்வரை இங்கிலாந்தில் ஞாயிறன்று பெரிய கடைகளைத் திறக்க முடியாது. சீசன் முடிந்து வெறிச்சோடிய கடற்கரைச் சிற்றூரில் அலுத்துப்போன ஒருவரின் புலம்பல்தான் பாட்டு.

மெட்டு நன்றாகவே இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊர் போரில் அழியாமல் தப்பிவிட்டதே என்று குறைப்படுகிறாரே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றார் தாத்தா" என்கிறான் பேரன். சரி. ஆனால் அப்படிப்பட்ட ஊர்களில் நிஜமாகவே குண்டு விழுந்திருக்கிறது. 1943 மே 30 அன்று டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டு ஒரு தேவாலயத்தின் மேல் விழுந்தது. வேதபாட வகுப்புக்கு வந்திருந்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஊர்கள் ஏன் களையிழந்தன? மலிவான விமானச் சுற்றுலா வந்தது. ஜனங்கள் வெயிலைத் தேடி ஸ்பெயினுக்குப் போனார்கள். 1963-இல் பீச்சிங் அறிக்கை வந்தது. நஷ்டக் கணக்குக் காட்டி ரயில் பாதைகளை மூடினார்கள். ஹன்ஸ்டன்டன் என்ற கடற்கரை ஊருக்கு 1969-இல் ரயிலே நின்றுபோயிற்று. கையெழுத்துப் போட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். திட்டு மட்டும் ஊருக்கு.

நான் பிரெஞ்சில் படித்தவன். ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நினைவுக்கு வருகிறது. எம்மாவுக்கும் சிற்றூர் சலிப்புதான். பாரிஸ் பாரிஸ் என்று ஏங்குவாள். ரூவான் நகரத்துக்குப் போய்க் காதலனைச் சந்தித்தாளே, சலிப்பு விட்டதா? கொஞ்ச நாளில் அதுவும் புளித்துப்போனது. ஃப்ளோபேர் சிற்றூரைக் கேலி செய்யாமல் விடவில்லை. ஆனால் ஊரைக் கொளுத்தினால் எம்மாவின் நோய் தீரும் என்று அவர் சொல்லவில்லை.

சலிப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் நான். ஒருநாள்கூட ஆபீஸ் எரிந்துபோகட்டும் என்று நினைத்ததில்லை. பக்கத்து மேஜையில் ஆள் இருந்தார்.

விருந்துக்கு வந்தவர் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லலாம். வீட்டுக்கு நெருப்பு வைக்கச் சொல்லலாமா?