இல்லாத புள்ளியை எந்தப் பெட்டி கொண்டுவரும்?



“பழைய நாடாவை ஒரு நல்ல ரிசீவரில் கொடுத்துவிட்டால் போதும், படம் ஃபோர்கே தரத்துக்கு உயர்ந்துவிடும்.” இதனை ஒரு கடைக்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்வேன், அஃது அவர் பிழைப்பு. ஆனால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நன்கொடைப் பணத்தைச் செலவிடுவதற்கான காரணமாக இதே சொல் முன்வைக்கப்பட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. ஆண்டு விழாவில் பள்ளியின் பழைய நிகழ்ச்சிகளைத் திரையிட வேண்டுமாம். அதற்காக, வீட்டுத் திரையரங்குக்கென விற்கப்படும் ரிசீவர் ஒன்றை நாலாயிரம் ரிங்கிட்டுக்குமேல் கொடுத்து வாங்க வேண்டுமாம். அதனுள்ளே ‘அப்ஸ்கேலிங்’ இருக்கிறதாம்! கூட்டத்தில் எனக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். வீட்டுக்கென இதே பெட்டியை வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

ரிசீவர் அடிப்படையில் ஓர் ஒலிப்பெட்டி. வட்டு இயக்கி, விளையாட்டுப் பெட்டி, செயற்கைக்கோள் பெட்டி ஆகியவற்றின் கம்பிகளையெல்லாம் ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு, ஒலியைப் பெருக்கி ஐந்து, ஏழு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்தனுப்பும். படத்தைத் தொலைக்காட்சிக்குக் கடத்திவிடும். அவ்வாறு கடத்தும்போது படத்தின் அளவைப் பெரிதாக்கியும் அனுப்பலாம் என்று பின்னாளில் சேர்க்கப்பட்ட வசதியே நாம் பேசும் அப்ஸ்கேலிங். ‘பட விரிவாக்கம்’ என்று இதனைத் தமிழில் சொல்லலாம். ‘பட மேம்பாடு’ என்று சொல்லிவிட வேண்டா. குழப்பம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் அமைந்த டிவிடி வட்டில் ஒரு படச்சட்டத்துக்கு 720 பெருக்கல் 576, அதாவது 414,720 படப்புள்ளிகள். முழு உயர்துல்லியத் திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு! அகலத்திரை வட்டு ஒன்றை அத்திரை நிறையக் காட்டும்போது, ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிக்குத்தான் வட்டில் ஆதாரம் உண்டு. மீதி நான்கு பங்கும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்பட்டவை. ஃபோர்கே திரையில் இருபது மடங்கு. அங்கே இருபதில் பத்தொன்பது பங்கு நிரப்பல். எட்டுகே வரை உயர்த்துவோம் என்று சில பெட்டிகளின் அட்டையில் அச்சிடுகிறார்கள். அது எண்பது மடங்கு. எண்பதில் எழுபத்தொன்பது பங்கு ஊகத்தால் ஆன ஒன்றை நாம் ‘துல்லியம்’ என்றழைக்கிறோம்.

இவையும் டிவிடிக்கான எண்கள். நம் வீடுகளில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து மலைபோல் குவிந்த விசிடி வட்டுகளில் 352 பெருக்கல் 288 புள்ளிகள்தாம். வி.எச்.எஸ். நாடாவோ, கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 வரி அளவுக்கே நுணுக்கத்தைத் தாங்கும். நிறத்தில் அதனினும் மிகக் குறைவு. முகத்தின் சிவப்பு கன்னத்தைத் தாண்டி வழிந்து நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

தமிழாசிரியருக்கு இதில் தனிக் கவலை ஒன்றுண்டு. நம் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு புள்ளி. விசிடியில் ஓடும் தமிழ் எழுத்துகளை உற்றுப் பாருங்கள். சிறிய எழுத்துகளில் அந்தப் புள்ளி பாதி கரைந்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். ‘ண’கரச் சுழி ‘ன’கரச் சுழியோடு ஒட்டிக்கிடக்கும். அப்படத்தை நாலாயிரம் ரிங்கிட் பெட்டி பெரிதாக்கினால் என்ன கிடைக்கும்? பெரிய, மழமழப்பான, புள்ளியில்லாத எழுத்து கிடைக்கும். அங்கே ஒரு புள்ளி இருந்தது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. தொல்காப்பியமும் நன்னூலும் அது படித்ததில்லை. இன்றைய தொலைக்காட்சிகளில் செயற்கை நுண்ணறிவு விரிவாக்கம் வந்துவிட்டதே என்பீர்கள். அது ஆயிரமாயிரம் வேறு படங்களைப் பார்த்துப் பழகி, ‘இங்கே இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று வரைகிறது. பார்க்க அழகாயிருக்கலாம். ஆயினும் அந்த விளிம்பு நம் மாணவனின் முகத்திலிருந்து வந்ததன்று.

சரி, இந்த வசதி முழுப் பொய்யா? இல்லை. 2007, 2008 வாக்கில் வந்த சில உயர்விலை ரிசீவர்களில் ஃபரூஜா, ரியான் போன்ற பெயர்பெற்ற படச் செயலிகள் இருந்தன. அவை பாராட்டப்பட்டதற்குத் தக்க காரணமும் இருந்தது. பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படச்சட்டம் முழுதாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறு முறை, என நொடிக்கு 50 அரைச்சட்டங்களாக வரும். இரண்டுக்கும் இடையே ஐம்பதில் ஒரு பங்கு நொடி கழிந்திருக்கும். பொருள் அசையாது நின்றால் இரு பாதிகளும் பொருந்தும். சிலம்பம் சுழற்றுகின்ற மாணவனின் கம்பு அசையாமல் நிற்குமா? முதல் பாதியில் ஓரிடம், மறுபாதியில் வேறிடம். கண்மூடித்தனமாய் இணைத்தால் கம்பின் விளிம்பில் சீப்புப் பற்கள் முளைக்கும். எந்தப் பகுதி அசைகிறது, எது நிலையாயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இணைப்பதே கடினமான வேலை. அந்தச் செயலிகள் அதனை நன்றாகச் செய்தன. அக்காலத்துத் தட்டைத்திரைகள் பல இதில் படுமோசம். ஆகவே, அன்று நல்ல ரிசீவர் வாங்கியவர் கண்டது மாயமன்று.

இன்றைய நிலை வேறு. நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று: தட்டைத்திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. எந்தப் படம் உள்ளே வந்தாலும் தன் அளவுக்கு விரிக்காமல் அதனால் காட்டவே இயலாது. அதாவது, விரிவாக்கும் கருவி ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கான பணத்தையும் நாம் கொடுத்தாயிற்று. இப்போதைய நடுத்தர விலைத் தொலைக்காட்சி செய்யும் விரிவாக்கத்துக்கும் ரிசீவர் செய்வதற்கும் வேறுபாடு காண்பது பெரும்பாலும் அரிது. சில வேளைகளில் ரிசீவர் தலையிடுவதால் கெடுதலும் உண்டு. நாடாவின் படத்தை அது ஃபோர்கேயாக விரித்து அனுப்பிவிட்டால், தொலைக்காட்சிக்கு மூலம் எதுவென்றே தெரியாமற்போகும். நாடாவுக்கே உரிய இரைச்சல் புள்ளிகளும் பெரிதாக்கப்பட்டு, படத்தின் பகுதியாகவே உள்ளே போகும். பின்னர் தொலைக்காட்சி தன் பங்குக்குக் கூர்மை கூட்டும். ஒரே கட்டுரையை இருவர் திருத்தி, இருவருமே மூலப்படியைப் பார்க்காத கதைதான்.

வீட்டில் ஏற்கெனவே ரிசீவர் வைத்திருப்போர் அதனைத் தூக்கியெறிய வேண்டா. ஒலிக்கு அது நல்ல கருவி. பழைய நாடா இயக்கியின் மஞ்சள் செருகி புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் நுழைய இடமேயில்லை. பழைய செருகித் துளைகள் இன்னும் இருக்கின்ற ரிசீவர், அந்தச் சமிக்ஞையை எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு மாற்றித் தருமாயின் அது மெய்யான உதவி. இந்த மாற்றத்தைத்தான் பலர் மேம்பாடு என்று மயங்குகிறார்கள். (வாங்குமுன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிய பெட்டிகளில் அந்த மஞ்சள் துளை இல்லாதவை ஏராளம். நம் கூட்டத்தில் முன்மொழியப்பட்ட பெட்டியும் அவ்வகையே. நாடா இயக்கியை எங்கே செருகுவதாக இருந்தார்களோ!) டிவிடி, புளூரே, செயற்கைக்கோள் பெட்டி ஆகியவற்றுக்கு, அமைப்புப் பக்கத்தில் விரிவாக்கத்தை நிறுத்திவிட்டு, படத்தை வந்தபடியே கடத்தச் செய்யுங்கள். ஐயமிருந்தால், ஒரே காட்சியை இரு விதமாகவும் ஓடவிட்டு, வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பாருங்கள். திரையில் மூக்கை ஒட்டிப் பார்ப்பது சோதனையாகாது.

உதடும் ஒலியும் பிரிவதையும் சொல்ல வேண்டும். படத்தைச் செயற்படுத்த நேரம் பிடிக்கும்; ரிசீவரில் ஒரு தாமதம், தொலைக்காட்சியில் மற்றொன்று. ஒலி முந்திக்கொள்ளும். ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் அதை உணரத் தொடங்குவர் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. திரைப்படச் சண்டைக்காட்சியில் இதனை யாரும் பெரிதுபடுத்தமாட்டார். வகுப்பறையில் ழகரம், ளகரம், லகரம் ஒலிக்கும் முறையைக் காணொலியில் காட்டும்போதோ, பிள்ளையின் கண் வாயைத்தான் பார்க்கிறது. நாக்கு மடிவதற்குள் ஒலி வந்து போய்விட்டால் அந்தப் பாடத்தால் என்ன பயன்? ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு இருக்கும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பயன்முறை என்று தொலைக்காட்சியில் இருப்பதும் தாமதத்தைக் குறைக்கும்.

பழைய படத்தை அகலத்திரை நிறைய இழுத்துவிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. நாலுக்கு மூன்று என்னும் அளவில் எடுத்ததை இழுத்தால், ஆள் மூன்றிலொரு பங்கு அகலமாவார். பக்கங்களில் கருப்பு இருக்கட்டுமே! பரதம் ஆடிய சிறுமியை உரலாக்கி அவளுடைய பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டா.

நான் கடுமையாக எழுதுவதற்கான காரணத்துக்கு இப்போது வருகிறேன். அந்த நாடாக்களில் இருப்பவை எவை? திருக்குறள் மனனப் போட்டிகள், பேச்சுப் போட்டிகள், ஓய்வுபெற்றுச் சென்ற, சிலர் மறைந்தும்விட்ட தலைமையாசிரியர்களின் உரைகள். இந்நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தில் பிறந்து பின்னர் இடம்பெயர்ந்தவை. ரப்பர் அழிந்து, செம்பனை வந்து, தோட்டமே வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடங்களில், பழைய பலகைக் கட்டடமும் அதன் முன்னிருந்த திடலும் இன்று நாடாவில் மட்டுமே இருக்கின்றன. நாடாவோ காந்தத்தூள் பூசிய மெல்லிய நெகிழி. நம் ஊர் ஈரப்பதத்தில் வெண்பூஞ்சை பிடிக்கும்; காந்தப் பதிவு மெல்ல மெல்ல மங்கும். நாடா நன்றாயிருந்தாலும் இயக்க இயந்திரம் வேண்டுமே! வி.எச்.எஸ். இயக்கிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. யுனெஸ்கோவின் ‘அனைவர்க்கும் தகவல்’ திட்டம், ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து 2019-இல் காந்தநாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. பெரும் காப்பகங்களையே அது எச்சரித்தது. அலுவலக அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் நம் நாடாக்கள் எம்மாத்திரம்?

ரிசீவர் எதையும் பதிவு செய்யாது. ஆண்டு விழாவில் ஒருநாள் காட்டிவிட்டு, நாடாவை மீண்டும் அதே பெட்டிக்குள் போடுவோம். ஒரு முறை ஓட்டிய தேய்மானம்தான் மிச்சம்.

அதே பணத்தைக் கொண்டு நாடாக்களை எண்முறைக் கோப்பாக மாற்றுங்கள் என்பதே என் கோரிக்கை. மாற்றித் தருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாடாவின் நடுங்கும் சமிக்ஞையை நிலைப்படுத்தும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ அவர்களிடம் உண்டா? 720 பெருக்கல் 576 என்னும் மூல அளவிலேயே, அரைச்சட்டங்களை இணைக்காமல், அப்படியே பதிந்து தருவார்களா? அந்த மூலக்கோப்பையே நம்மிடம் ஒப்படைப்பார்களா, அல்லது ‘எச்டி ஆக்கிவிட்டோம்’ என்று விரித்து அழுத்திய சிறு கோப்பைத் தந்தனுப்புவார்களா? டி.வி. எனப்படும் எண்முறை வடிவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் போதும். மூலம் கையில் இருந்தால், விரிவாக்கத்தை எப்போது வேண்டுமானாலும், அப்போதைக்குக் கிடைக்கும் சிறந்த கருவியைக் கொண்டு செய்யலாம். பிடிக்காவிட்டால் வேறு விதமாகவும் செய்யலாம். விரித்ததை மட்டும் வைத்துக்கொண்டால் மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. ஆண்டு விழாவுக்கு அந்தக் கோப்பையே கணினியிலிருந்து ஒளிவீழ்த்திக்கு அனுப்பலாம். மண்டபத்தின் கடைசி வரிசையில் அமரும் தாத்தா, தம் மகனைத் திரையில் அடையாளம் கண்டுகொள்வார், புள்ளிகளை எண்ணமாட்டார்.

அடுத்த கூட்டம் கூடும்வரை செய்யவேண்டியவை சில உள. வெண்பூஞ்சை தெரிகின்ற நாடாவை இயக்கியில் போட வேண்டா. பூஞ்சை இயக்கியின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்தடுத்த நாடாக்களுக்கும் பரவும். மற்றவற்றை நூல்களை அடுக்குவதுபோல் நிமிர்த்தி, ஒலிபெருக்கிகளுக்கு அருகில் இல்லாமல், உலர்ந்த இடத்தில் வையுங்கள். எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்று அட்டையில் எழுதுங்கள். அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாடாவின் முதுகுப்புற ஓரத்தில் சிறு நெகிழித் தக்கை ஒன்று இருக்கும். அது இன்னும் உடைக்கப்படாமலிருந்தால் உடைத்துவிடுங்கள். யாரேனும் கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் இயக்கி அதன்மேல் எதையும் பதியாது.